நான் உள்ளே போன பிறகு ஓதுகிறவள்

எனக்குக் கோபம் சட்டென்று வந்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சின்னப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறவளுக்குப் பொறுமைதான் முதல் தகுதி என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அந்தத் தகுதி இல்லாமலேயே பதினெட்டு வருஷமாக இந்த வேலையைப் பார்த்து வருகிறேன். பிள்ளைகள் எனக்கு ‘ஷத்து உஸ்தாபி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உஸ்தாபி என்றால் எங்கள் பக்கத்தில் ஓதிக்கொடுக்கிற பெண். ஷத்து என்பது அரபு எழுத்தின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு ‘இந்த எழுத்தை அழுத்திச் சொல்’ என்று மிரட்டுகிற குறி. பெயர் வைத்தது யாரென்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடித்தாலும் அடித்திருக்க மாட்டேன், பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டு முன்ஹாலில்தான் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகம் கழுவி, எதையாவது தின்றுவிட்டு ஐந்து மணிக்கு வந்துவிடுவார்கள். பதினைந்து பதினாறு பேர். நாலு வயதிலிருந்து பத்து வயது வரை. மழைக்காலத்தில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் அவர்கள் செருப்பில் ஒட்டிய கரிசல் மண் வந்து சேரும். அதைச் சுரண்டி எடுப்பதற்கென்றே வாசலில் ஒரு பழைய தோசைக் கரண்டி போட்டிருக்கிறேன்.

குர்ஆன் ஓத வேண்டுமென்றால் எழுத்து மட்டும் தெரிந்தால் பற்றாது. எழுத்தின் மேலும் கீழும் சின்னச் சின்னக் குறிகள் இருக்கும். மேலே ஒரு சாய்ந்த கோடு இருந்தால் ஜபர், அதற்கு ‘அ’ ஓசை. அதே கோடு கீழே இருந்தால் ஜேர், ‘இ’ ஓசை. மேலே ஒரு சுழி இருந்தால் பேஷ், ‘உ’ ஓசை. பே என்ற எழுத்தை எடுத்துக்கொண்டால், பே ஜபர் ப, பே ஜேர் பி, பே பேஷ் பு. இவ்வளவுதான். ஆனால் மேலே எது, கீழே எது என்று நாலு வயதுப் பிள்ளைக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு வாய் வறண்டு போகும். அதனால் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் பெரிதாக எழுத்தை எழுதிவிட்டு, கோட்டுக்குப் பதிலாகத் தீக்குச்சியை வைப்பேன். மருந்து முக்காத வெறும் குச்சி. பிள்ளைகளின் அம்மாமார் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பதால் குச்சிக்குப் பஞ்சமில்லை. பேஷின் சுழிக்கு முதலில் புளியங்கொட்டை வைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி அதை மூக்குக்குள் திணித்துக்கொண்டு, அவளைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதான பிறகு சோடா மூடிக்கு மாறிவிட்டேன்.

இந்தக் குறிகளைச் சொல்லிக்கொடுப்பதற்கென்று ஒரு மெலிந்த புத்தகம் உண்டு. நாங்கள் அதைச் சின்னக் கிதாபு என்போம். சின்னக் கிதாபை முடித்தால்தான் குர்ஆன் கையில் கிடைக்கும். முடிப்பதென்றால் சும்மா வாசித்துக் காட்டுவதில்லை. ஒவ்வொரு எழுத்தையும் அதன் குறியையும் பெயர் சொல்லி, கூட்டி, சத்தமாக ஓத வேண்டும். காஃப் ஜபர் க, தே ஜபர் த, பே ஜபர் ப, கதப. என் முன்னால் நின்று, தனியாக, கூட யாரும் சேராமல். இது நானே போட்ட சட்டம். போட்டதற்குக் காரணமும் இருக்கிறது. ஒரு பையன் மற்றவர்கள் ஓதுவதைக் கேட்டே முழுக் கிதாபையும் மனப்பாடம் செய்துவிட்டான். நானும் மெச்சிக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் வேறு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்ட பக்கத்தைக் கடகடவென்று ஒப்பித்துக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் பிறந்ததுதான் அந்தச் சட்டம்.

அந்தச் சட்டம்தான் ஒரு பெண்பிள்ளையை இரண்டு வருஷம் கட்டிப்போட்டது.

ஆறு வயதில் வந்து சேர்ந்தாள். அவள் அம்மா தீப்பெட்டி ஆபீசில் பண்டல் போடுகிறாள், அத்தா ஆட்டோ ஓட்டுகிறார். பிள்ளைக்குப் பேச்சில் திக்கு இருந்தது. அம்மா நாக்கில் வசம்பு தேய்த்துப் பார்த்தாள், தேன் தடவிப் பார்த்தாள், பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். டாக்டரிடமும் காட்டினாள். நான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டேனே தவிர, என் மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை. எல்லோரும் சேர்ந்து ஓதும்போது அவள் வாய் சரளமாக அசையும். தனியாக நிறுத்தினால் ‘பே’ வரும், அடுத்து ஜபருடைய ‘ஜ’வில் வண்டி நின்றுவிடும். ஜ... ஜ... ஜ... கழுத்து நரம்பு புடைக்கும். கண் மேலே செருகும். சேர்ந்து ஓதும்போது வருகிறது, தனியே சொல்லச் சொன்னால் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? அழுத்தக்காரி, வேண்டுமென்றே செய்கிறாள் என்று முதல் ஆறு மாதம் நான் நம்பினேன். “ஏட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?” என்று கேட்டிருக்கிறேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தன. சிரிக்க வைத்தது நான்தான்.

அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருத்தராகக் கிதாபை முடித்துக் குர்ஆனுக்குப் போனார்கள். ஒரு பிள்ளை குர்ஆன் எடுக்கிற அன்று அந்த வீட்டுக்காரர்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் கடலைமிட்டாய் கொடுப்பது எங்கள் வகுப்பின் வழக்கம். இவள் வாங்கிக்கொள்வாள். ஆனால் அங்கே தின்பதை விட்டுவிட்டாள். பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு போய்த் தம்பியிடம் கொடுத்துவிடுவாள் என்று அவள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்தில் அவள் வயதுக்காரர்கள் யாரும் கிதாபில் மிச்சமில்லை. ஹாலின் பின்வரிசையில் நாலு வயதுச் சின்னதுகளோடு அவளை உட்காரவைத்தேன். வேறு எங்கே உட்காரவைப்பது?

தை மாதக் கடைசியில் ஒருநாள், வேலை முடிந்து அப்படியே வந்திருந்த அவள் அம்மா வாசலிலேயே நின்றாள்.

“உஸ்தாபி, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீங்க. நோன்புக்குள்ள இவளுக்குக் குர்ஆன் குடுக்கலைன்னா நிப்பாட்டிரலாம்னு இவ அத்தா சொல்லுதாவ.”

“ஏன், அப்படி என்ன அவசரம்?”

“சின்னவன் எழுத்துக்கூட்ட ஆரம்பிச்சிட்டான்லா. வெடுக்கு வெடுக்குன்னு சொல்லுதான். தம்பி குர்ஆன் எடுத்து, அக்கா கிதாபோட பின்னால உக்காந்திருந்தா, அந்தப் பிள்ள எப்படி உஸ்தாபி இங்கன வந்து உக்காரும்?”

தம்பிக்கு ஐந்து வயது. சேர்ந்து நாலு மாதம்தான், அதற்குள் என் வகுப்பிலேயே கெட்டிக்காரன். விட்டால் பெருநாளுக்குள் முடித்துவிடுவான். நிறுத்திவிட்டால் இவள் அதற்குப் பிறகு யாரிடமும் போய் ஓதப்போவதில்லை என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். நோன்புக்கு ஏழு வாரம் இருந்தது.

அன்றிலிருந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளைக் கூடுதலாக நிறுத்தி ஓதவைத்தேன். தினம் மூன்று தடவை. என் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது. அவள் இன்னும் மோசமாகத் திக்கினாள்.

எங்கள் வீட்டுக்கு எதிரில் ஒரு மளிகைக் கடை. கடைக்கார அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருப்பார். தெரு அகலம் ஒரு ஆட்டோ போகிற அளவுதான் என்பதால், பதினெட்டு வருஷமாக என் வகுப்பு முழுவதும் அவர் காதில்தான் விழுந்துகொண்டிருக்கிறது. பருப்பு நிறுக்கும்போது தன்னை அறியாமல் “தே ஜபர் த, தே ஜேர் தி” என்று முணுமுணுப்பார். கடைக்கு வருகிற பிள்ளைகளிடம் “ஏலே, நேத்து ஜேரை ஜபர்னு சொன்னது நீதான?” என்று விசாரணை வேறு நடத்துவார். எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும்.

அம்மா வந்து போன நாலாம் நாள் புது உளுந்து வாங்கக் கடைக்குப் போனேன். அவர் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார்.

“தங்கச்சி, ரொம்ப நாளா ஒரு சந்தேகம். நீங்க காப்பி போட உள்ள போவீங்கல்லா, அப்ப ஒரு பிள்ள சின்னதுகளுக்குச் சொல்லிக்குடுக்குது. குரல் கணீர்னு இருக்கு. தட்டுத் தடங்கலே கிடையாது. அது யாரு பிள்ள?”

“அப்படி யாரும் இல்லையே அண்ணாச்சி.”

“இல்லாம எப்படி? மாசக்கணக்காக் கேக்குதேன். நீங்க திரும்பி வந்து உக்காந்ததும் அந்தச் சத்தம் நின்னுபோகுது. மறுநா நீங்க உள்ள போனாத்தான் மறுபடி கேக்குது. ஒருவேளை பக்கத்து வீட்டுப் பிள்ளையோ?”

பக்கத்து வீடு பூட்டிக் கிடந்து ஒரு வருஷம் ஆகிறது. உளுந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குத் தெரியாமல் என் வகுப்பில் ஒரு சத்தமா என்று சுருக்கென்றிருந்தது.

அன்று சாயங்காலம் வழக்கம்போலச் சமையலறைக்குப் போனேன். பாலை அடுப்பில் வைத்தேன். இரண்டு டம்ளரை எடுத்துச் சும்மா உருட்டினேன், நான் வேலையாக இருப்பதாகப் பிள்ளைகள் நினைக்கட்டுமென்று. பிறகு கதவுப் பக்கமாக வந்து சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன். பெரிய பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இரைந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“இங்க பாரு, குச்சி மேல இருக்கா? மேல இருந்தா வாயத் தொறக்கணும். ப. கீழ இருந்தா பல்லக் காட்டணும். பி. சோடா மூடி இருந்தா ஊதணும், சூடு காப்பிய ஊதுவோம்லா, அப்படி. பு. சொல்லு பாப்போம். பே ஜபர் ப. பே ஜேர் பி. பே பேஷ் பு.”

அவள்தான். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ராகம் போட்டு, தலையை ஆட்டி, சின்னதுகளின் தாடையைப் பிடித்துத் திறந்து, ஜபர் ஜபர் என்று தண்ணீர் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாயைத் திற, பல்லைக் காட்டு, ஊது. பதினெட்டு வருஷத்தில் எனக்கு இப்படிச் சொல்லத் தோன்றியதில்லை. ஒரு நாலு வயதுக்காரன் ஊதிய ஊதலில் சோடா மூடி உருண்டு ஓடியது. எல்லாம் சிரித்தன, அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

என்னையறியாமல் ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது. உள்ளே பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

திக்கு அவளுக்கு எதனால் வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் ஹாலில் அது என்னைப் பார்த்துத்தான் வந்தது. நான் எதிரில் ஸ்கேலோடு உட்கார்ந்து, அடுத்த குறிக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேனே, அந்தப் பார்வைதான் அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசமாட்டார். “உன்னப் பாத்தா எனக்கே சில நேரம் பேச்சு வராதுல்லா” என்றார். வேறு நாளாக இருந்தால் பெரிய சண்டை ஆகியிருக்கும்.

மறுநாள் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்த முகமாக வகுப்பில் உட்கார்ந்தேன். ஸ்கேலை அலமாரியில் வைத்துவிட்டேன். “வாம்மா, சொல்லும்மா” என்று தேனாகப் பேசினேன். ஒரு வாண்டு எழுந்து வந்து என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “உஸ்தாபிக்குக் காச்சலா?” என்று கேட்டது. அவள் அன்று முன்னைவிட அதிகமாகத் திக்கினாள். என் கோபத்துக்காவது பழகியிருந்தாள், பாவம். இந்தப் புதுச் சிரிப்பு என்ன செய்யுமோ என்று பயந்துவிட்டாள்.

சரி, நான் இருந்தால்தானே வரமாட்டேன் என்கிறது, நான் இல்லாமல் போகிறேன் என்று முடிவு செய்தேன். மறுநாளிலிருந்து, “ஏட்டி, எனக்கு உள்ள சோலி கெடக்கு. இன்னைக்குச் சின்னதுகளுக்கு இருபதாம் பக்கத்தைச் சொல்லிக்குடு” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவேன். சின்னதுகள் இரண்டாம் பக்கத்தையே தாண்டவில்லை. இருபதாம் பக்கத்தில் அவர்களுக்கு என்ன வேலை என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பேன். பிழை வந்தால் கரண்டியால் தட்டத்தில் ஒரு தட்டுத் தட்டுவேன். முதல் நாள் பேசாமல் போய்விட்டாள். இரண்டாம் நாள் தட்டிய இடத்தில் நின்று, திரும்பப் போய்ச் சரியாகக் கூட்டி ஓதினாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் அதுதான் பாடம். ஷத்து, ஓசையை நிறுத்துகிற ஜஸம், இரண்டு கோடு சேர்ந்து வருகிற குறி, நீட்டி ஓதுகிற குறி எல்லாம் சமையலறைச் சுவர் வழியாகத்தான் நடந்தது. ஐந்து வாரத்தில் கிதாபு முடிந்தது. அந்த ஐந்து வாரமும் எங்கள் வீட்டில் தினம் வெங்காயக் குழம்புதான்.

ஆனால் நான் கேட்டது மட்டும் போதாது. எங்கள் ஜமாஅத்தில் குர்ஆன் கொடுப்பதற்கு முன் பள்ளிவாசலில் தொழவைக்கிற அஜ்ரத் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் ஓதவைத்துப் பார்ப்பார். நோன்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்தார். வெளியூர்க்காரர், சின்ன வயசு, நல்ல மனுஷன். இவளையும் சேர்த்து மூன்று பேர். அம்மா சீக்கிரமே வந்து வாசல்படியில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்ற இரண்டு பேரும் முடித்துவிட்டார்கள். இவள் எழுந்து நாற்காலிக்கு முன்னால் நின்றாள்.

“காஃப் ஜ... ஜ... ஜ...”

“மெதுவா, மெதுவா” என்றார் அஜ்ரத்.

“ஜ... ஜ...”

“பரவால்லம்மா. பயப்படாத. மெதுவாச் சொல்லு.”

அவர் ஆறுதலாகச் சொல்லச் சொல்ல அவள் கழுத்து நரம்பு விடைத்தது. பெரிய பையன்களில் ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். வாசல்படியில் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் கோபம் ஏறியது. யார்மேல் என்று கேட்டால், அஜ்ரத்மேல், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிமேல், என் பழைய சட்டத்தின்மேல். யோசிக்காமல் எழுந்துவிட்டேன்.

“அஜ்ரத், தப்பா நினைக்காதீங்க. எந்தப் பக்கத்தை ஓதணும்னு சொல்லிட்டு, எதிர்க்கடையில போய் உக்காந்து ஒரு பன்னீர் சோடா குடிங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நான் பிள்ளைய ஓதவச்சுப் பாக்க வந்திருக்கேன்மா.”

“பாக்க வேண்டாம் அஜ்ரத். கேளுங்க. அங்கன நல்லாவே கேக்கும், வேணும்னா அண்ணாச்சியக் கேட்டுப் பாருங்க. நானும் இங்க இருக்க மாட்டேன்.”

அஜ்ரத்தை வெளியே போகச் சொன்ன பொம்பளை என்று ஊரில் பேச்சு வரும் என்று தெரியும். வந்தது, இன்னும் இருக்கிறது. ஆனால் அவர் கொஞ்ச நேரம் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். கிதாபை வாங்கிப் புரட்டி, இருப்பதிலேயே கஷ்டமான பக்கத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்து போனார். பெரிய பிள்ளைகளை மொட்டை மாடிக்கு விரட்டினேன். அம்மாவையும் தம்பியையும் கடைப்பக்கம் அனுப்பினேன். பின்வரிசைச் சின்னதுகளை மட்டும் அவளைச் சுற்றி உட்காரவைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனேன். கரண்டியைத் தொடவில்லை. தட்டிச் சொன்னால் அது என் பரீட்சை ஆகிவிடும்.

ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம், “காதத் தொறந்து நல்லாக் கேளுங்க” என்று சின்னதுகளிடம் சொல்கிற சத்தம். “ரே பே ஜபர் ரப், பே பேஷ் பு, ரப்பு.” ஆரம்பித்துவிட்டாள். ஒரு வரி போனது. இரண்டாவது வரி போனது. நான் மூச்சை விட்டேன். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் காய்கறி ஆட்டோ திரும்பியது. தக்காளி, வெங்காயம், முருங்கைக்காய் என்று மைக் அலறியது. உள்ளே அவள் குரல் அறுந்து போனது.

அண்ணாச்சி கல்லாவிலிருந்தே போட்ட சத்தம் என் சமையலறை வரைக்கும் கேட்டது. “ஏலே, மைக்கை நிப்பாட்டுலே! பிள்ள பரீட்ச குடுக்குதுல்லா!”

மைக் நின்றது. தெருவே நின்றுபோன மாதிரி இருந்தது. இனி அவள் வாய் திறக்கப்போவதில்லை என்றே நினைத்தேன். அஜ்ரத் மட்டுமில்லை, தெருவே தன்னைக் கேட்கிறது என்று இப்போது அவளுக்கே தெரிந்துவிட்டதே. இரண்டு கையாலும் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. பக்கத்தின் முதல் எழுத்துக்குத் திரும்பப் போனாள். யாரும் சொல்லாமல், அவளாகவே. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒவ்வொரு எழுத்தையும் ஒவ்வொரு குறியையும் பெயர் சொல்லிக் கூட்டி ஓதி முடித்தாள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அஜ்ரத் பாதிச் சோடா பாட்டிலோடு தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார்.

“கடைசி வரியில நீட்டுறது ஒரு இடத்துல பத்தல. மத்தபடி சரி” என்றார். “குர்ஆன் குடுத்துரலாம்.”

அவர் பின்னாலேயே தம்பியோடு வந்த அம்மா வாசல்படியில் நின்று அழுதாள். மாடியிலிருந்து பிள்ளைகள் இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். அஜ்ரத் குர்ஆனை எடுத்து, அவளை உட்காரவைத்து, முதல் பக்கத்தைத் திறந்து, தான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லச் சொன்னார். எல்லோரும் பார்க்கிறார்கள். அவள் திக்கினாள். முதல் வார்த்தையிலேயே திக்கினாள். சமையலறையில் உட்கார்ந்து நான் ஒன்றும் மந்திரம் போட்டுவிடவில்லை. எப்படியோ திக்கித் திணறி ஒரு வரியை முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அஜ்ரத்துக்கு மனசு கேட்கவில்லை. எங்களில் எல்லோரும் சொல்கிற ஆறுதல் ஒன்று உண்டு. நானும் எத்தனையோ பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அதைச் சொன்னார்.

“இங்க பாரும்மா, நல்லா ஓதத் தெரிஞ்சவங்களுக்கு ஒரு கூலின்னா, இப்படிச் சிரமப்பட்டு ஓதுறவங்களுக்கு அல்லாஹ் ரெண்டு கூலி தருவான். உனக்குத்தான் எல்லாரையும் விட ஜாஸ்தி. சந்தோசம்தான?”

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு சுற்றி நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள்.

“எ... எனக்கு ஒ... ஒண்ணு போதும் அஜ்ரத்” என்றாள். “இ... இவங்க எல்லாருக்கும் குடுக்கதுதான். அது போ... போதும்.”

வாயைப் பொத்திச் சிரித்த அந்தப் பெரிய பையன் தரையைப் பார்த்தான். இத்தனை வருஷமாக இந்த இரண்டு கூலியை அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கிறேனே, உனக்கு இது வேண்டுமா என்று ஒரு பிள்ளையிடமாவது நான் கேட்டதில்லை. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கண் கலங்கி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் போலிருந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டேன். அலமாரியைத் திறந்து ஸ்கேலை எடுத்து, குர்ஆனுக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் முதல் நாள் என்ன குரலில் என்ன சொல்வேனோ, அதே குரலில் அதைத்தான் அவளிடமும் சொன்னேன்.

“ஏட்டி, நாளைக்கு கை கால் கழுவி ஒளு செஞ்சிட்டு வரணும். முன்வரிசையில உக்காரணும். அஞ்சு நிமிசம் பிந்தி வந்தாலும் வெளியதான் நிப்ப.”

“ச... சரி உஸ்தாபி” என்று சொல்லிவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, தம்பியை இழுத்துக்கொண்டு ஓடினாள்.